புதன்கிழமை ஊசி: அட்டையில் இருக்கும் தேதிகளுக்கு என்ன காரணம்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு வீட்டில் குழந்தை பிறந்துவிட்டால், தடுப்பூசியைப் பற்றி ஆளுக்கொரு கருத்து சொல்வார்கள். “நல்லா இருந்த புள்ளைக்கு ஊசி போட்டதும் காய்ச்சல் வந்துடுச்சு” என்பார் ஒருவர். “போன மாசந்தானே சொட்டு மருந்து ஊத்துனாங்க, மறுபடியும் எதுக்குங்க?” என்பார் இன்னொருவர். “ஒரு ஊசி விட்டுப்போச்சு, இனிமே போட்டுப் பிரயோஜனமில்ல” என்று மூன்றாமவர் தீர்ப்பே சொல்லிவிடுவார். மூவரும் குழந்தை மேல் உள்ள பாசத்தில்தான் பேசுகிறார்கள். ஆனாலும் மூன்று பேச்சுமே தப்பான முடிவுக்குக் கொண்டுபோய்விடும். தாய் சேய் நல அட்டையில் ஊசித் தேதி எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தத் தேதி ஏன் என்று உட்கார்ந்து சொல்ல யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அந்தக் காரணத்தை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

முதலில், இது என்ன திட்டம்?

இந்திய அரசு குழந்தைத் தடுப்பூசியை நாடு தழுவிய திட்டமாக 1978-ல் தொடங்கியது. 1985-ல் அது எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாக விரிந்தது. இன்று இந்தத் திட்டம் 12 நோய்களுக்கு எதிராகத் தடுப்பு மருந்து தருகிறது: காசநோய், இளம்பிள்ளை வாதம் எனும் போலியோ, ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் நோய், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹிப் என்ற கிருமி தரும் மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும், நியுமோகாக்கஸ் நிமோனியா, ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு, தட்டம்மை, ரூபெல்லா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல். கடைசியாகச் சொன்னது மட்டும் அந்த நோய் நடமாடும் மாவட்டங்களில் தரப்படுகிறது. மற்றவை எல்லா ஊருக்கும் பொது. எதற்கும் காசு கிடையாது.

இவற்றில் ஐந்து நோய்களுக்கான மருந்தை ஒரே ஊசியில் சேர்த்த பென்டாவேலன்ட் தடுப்பூசி, நாட்டிலேயே முதலில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் வந்தது. நம் ஊர்களில் இதைக் கையில் எடுத்து நடத்துபவர் கிராம சுகாதார செவிலியர். புதன்கிழமை என்றால் துணை சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ அவர் இருப்பார் என்பது தாய்மார்களுக்குத் தெரியும்.

உடம்பு எப்படிக் கற்றுக்கொள்கிறது?

தளி, ஜவளகிரி, அஞ்செட்டி பக்கம் ராகி விளையும் பருவத்தில் கொல்லைக்கு யானை வரும். ராத்திரி பரண் மேல் ஒருவர் காவல் இருப்பார். காவலுக்குப் புதிதாக வந்த பையனுக்கு எது யானைச் சத்தம், எது காற்றுச் சத்தம் என்று தெரியாது. அவன் புரிந்துகொண்டு கூச்சல் போடுவதற்குள் பாதிக் கொல்லை போய்விடும். அதனால் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள்? பகலிலேயே அவனைக் கூட்டிப்போய்க் காலடித் தடத்தைக் காட்டுகிறார்கள், சாணத்தைக் காட்டுகிறார்கள், ஒடிந்த கிளையைக் காட்டுகிறார்கள். யானையைப் பார்க்காமலேயே அவனுக்கு யானை வரும் அடையாளம் தெரிந்துவிடுகிறது. அன்று ராத்திரி முதல் சலசலப்பிலேயே தீப்பந்தம் எரியும்.

தடுப்பூசி செய்வதும் இதைத்தான். யானையைக் கொண்டுவந்து விடுவதில்லை, தடத்தை மட்டும் காட்டுகிறது.

இப்போது உள்ளே நடப்பதைப் பார்ப்போம். ஒவ்வொரு கிருமிக்கும் அதன் மேற்பரப்பில் தனி வடிவம் உண்டு. நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் சில அந்த வடிவத்தை அடையாளம் கண்டு, அதில் போய்ச் சரியாக ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதத்தை உருவாக்குகின்றன. அந்தப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் என்று பெயர். முதல்முறை ஒரு கிருமியைச் சந்திக்கும்போது எதிர்ப்பொருள் போதுமான அளவு உருவாக ஒன்றிரண்டு வாரம் ஆகிவிடும். அதற்குள் கிருமி பெருகி நோயாகிவிடுகிறது. சண்டை முடிந்தபின் அந்த அணுக்களில் சில சாகாமல் பல வருடங்கள் தங்கிவிடும். இவை நினைவணுக்கள். அடுத்தமுறை அதே கிருமி வந்தால் இவை சில நாட்களிலேயே எழுந்து எதிர்ப்பொருளைக் குவித்துவிடும்.

ஊசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த கிருமியாக இருக்கலாம், தட்டம்மை ஊசி அப்படித்தான். கொல்லப்பட்ட கிருமியாக இருக்கலாம், கக்குவான் இருமலுக்கு அப்படி. கிருமியின் ஒரு துண்டு மட்டுமாக இருக்கலாம், ஹெபடைட்டிஸ் பி ஊசியில் அந்த வைரஸின் மேலுறைப் புரதம் மட்டும் இருக்கிறது. ரண ஜன்னிக்கு, கிருமி உமிழும் நஞ்சை நஞ்சு நீக்கித் தருகிறார்கள்.

இதுவரை பார்த்தது: நோயைத் தராமல் நோயின் அடையாளத்தை மட்டும் உடம்புக்குக் காட்டுகிறோம். உடம்பு அதை நினைவில் வைத்துக்கொள்கிறது. இனி வரும் எல்லாமே இந்த நினைவை எப்போது, எத்தனை முறை, எப்படி ஏற்றுவது என்பதைப் பற்றித்தான்.

ஒரே ஊசியில் ஏன் முடிவதில்லை?

கொல்லப்பட்ட கிருமியும் கிருமித் துண்டும் உடம்புக்குள் பெருகுவதில்லை. அதனால் முதல் தவணை பதிக்கும் நினைவு மெல்லியது. இரண்டாவது, மூன்றாவது தவணைகள் அதை ஆழப்படுத்துகின்றன. ஒவ்வொரு தவணைக்கும் நடுவே உடம்பு பாடத்தை வாங்கிக்கொள்ள குறைந்தது நான்கு வாரம் வேண்டும். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று செவிலியர் சொல்லும் கணக்கு, அதாவது 6, 10, 14 வாரம், இதிலிருந்து வருகிறது. பிறகு ஒன்றரை வயதை ஒட்டியும், 5 முதல் 6 வயதுக்குள்ளும் மறுபடி ஒரு தவணை உண்டு. மங்கிவரும் நினைவைப் புதுப்பிக்கப் போடும் இதைத்தான் பூஸ்டர் என்கிறோம்.

மூன்று பென்டா ஊசி முடிந்ததும் “எல்லாம் போட்டாச்சு” என்று அட்டையைப் பெட்டிக்குள் வைத்துவிடும் வீடுகள் நிறைய. அங்கேதான் பாதிப் பயன் போகிறது.

தேதிகளின் கணக்கு

அட்டையின் முதல் வரியிலிருந்து தொடங்குவோம். ஹெபடைட்டிஸ் பி ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடச் சொல்கிறார்கள். பச்சைக் குழந்தைக்கு ஏன் இத்தனை அவசரம் என்று பாட்டிமார் கேட்பது நியாயம்தான். தாயின் ரத்தத்தில் இந்த வைரஸ் இருந்தால் பிரசவ நேரத்திலேயே குழந்தைக்குத் தொற்றக்கூடும். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் தானாகவே நீங்கிவிடும் நோய் இது. பிறந்த குழந்தைக்குத் தொற்றினாலோ பத்தில் ஒன்பது பேருக்கு வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். பின்னாளில் கல்லீரல் சுருங்குவதற்கும் புற்றுநோய்க்கும் அதுவே காரணமாகும். முதல் நாள் ஊசி அந்தத் தொற்றை வழியிலேயே மறிக்கிறது.

அதே நேரத்தில் இடது தோளில் போடுவது காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. இதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை ரொம்பப் பரவலாக இருக்கிறது. இது போட்டால் ஆயுசுக்கும் காசநோய் வராது என்று நினைக்கிறார்கள். பி.சி.ஜி. முக்கியமாகக் காப்பது சின்னக் குழந்தைகளின் மூளை உறையையும் உடல் முழுவதையும் தாக்கும் கொடிய காசநோயிலிருந்து. வளர்ந்தபின் நுரையீரலில் வரும் காசநோயை இது உறுதியாகத் தடுக்காது. குழந்தையின் உயிரைப் பறிக்கும் வடிவத்தைத் தடுக்கிறதே, அதற்காகவே இதைப் போட வேண்டும்.

ரண ஜன்னிக்கு எதிரான காப்பு இதற்கும் முன்னாலேயே, குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. கர்ப்பிணிக்குப் போடும் டி.டி. ஊசியால் உருவாகும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. தொப்புள்கொடியைக் கண்ட கத்தியால் அறுத்து, சாம்பலோ சாணமோ வைத்த காலத்தில், பிறந்த ஏழெட்டு நாளில் உடம்பு விறைத்து எத்தனையோ குழந்தைகள் இறந்தன. மருத்துவமனைப் பிரசவமும் இந்த ஊசியும் சேர்ந்து அதை மாற்றின. பச்சைக் குழந்தைகளின் ரண ஜன்னி பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இருந்த நிலை இந்தியாவில் ஒழிந்ததாக 2015-ல் உறுதி செய்யப்பட்டது.

தாயிடமிருந்து வரும் இதே எதிர்ப்பொருள்தான் தட்டம்மை ஊசியை 9 மாதம் வரை தள்ளிப்போட வைக்கிறது. தட்டம்மை ஊசியில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள வைரஸ். அது உள்ளே போய்க் கொஞ்சம் பெருகினால்தான் நினைவு பதியும். தாயின் எதிர்ப்பொருள் ரத்தத்தில் மிச்சம் இருந்தால், ஊசி மருந்தை அது வந்த வேகத்திலேயே அடக்கிவிடும். ரொம்பத் தாமதித்தாலோ தாயின் காப்பும் தீர்ந்து, ஊசியின் காப்பும் இல்லாமல் குழந்தை வெறுமனே நிற்கும். 9 மாதம் என்பது இந்த இரண்டுக்கும் நடுவே கண்ட இடம். அப்போதும் சுமார் 85 சதவீதக் குழந்தைகளுக்குத்தான் முதல் தவணை பிடிக்கும். மீதிப் பேரையும் சேர்த்துக்கொள்ளத்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது எம்.ஆர். ஊசி, அதாவது தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும் சேர்த்துப் போடும் ஊசி.

தட்டம்மை மேல் நம் ஊரில் பயம் குறைவு. அம்மன் வந்திருக்கிறாள், வேப்பிலை வைத்து, மோர் கொடுத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் இறங்கிவிடுவாள் என்று பொறுமையாக இருப்பார்கள். அந்தப் பக்தியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தட்டம்மை வைரஸ் ஒரு தனி வேலை செய்கிறது: முன்பு வந்த மற்ற நோய்களைப் பற்றி உடம்பு சேர்த்து வைத்திருந்த நினைவணுக்களையே அழிக்கிறது. அம்மை இறங்கிய பிறகு மாதக்கணக்கில் குழந்தைக்கு நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் மாறி மாறி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். வேப்பிலையை வையுங்கள், ஆனால் ஊசியை முன்னாலேயே போட்டுவிடுங்கள்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் எம்.ஆர். ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது பலருக்கு நினைவிருக்கும். இந்த வகை ஊசியால் ஆட்டிசம் வரும் என்று இன்றும் சுற்றிவரும் பேச்சுக்கு மூலம், 1998-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை. அதை அந்த இதழே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதன்பின் பல நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகளை வைத்துப் பார்த்தும் அப்படியொரு தொடர்பு தெரியவில்லை.

சுருக்கமாக, அட்டையின் ஒவ்வொரு தேதியும் மூன்று கேள்விகளுக்கு விடை: நோய் எந்த வயதில் தாக்கும், தாய் தந்த காப்பு எப்போது தீரும், உடம்பு எப்போது பாடம் கற்கத் தயாராகும்.

போலியோ சொட்டு மறுபடி மறுபடி எதற்கு?

போலியோ வைரஸ் குடலில் வாழ்ந்து மலத்தின் வழியே பரவும். வாயில் விடும் சொட்டு மருந்து குடலிலேயே காவல் வைக்கிறது. கையில் தோலுக்குள் போடும் போலியோ ஊசி ரத்தத்தில் காவல் வைக்கிறது, நரம்பைத் தாக்கவிடாமல் தடுக்கிறது. அதனால்தான் இரண்டும் உண்டு.

முகாம் நாளில் ஏற்கெனவே போட்ட குழந்தைக்கும் மறுபடி ஊற்றுவது வேறு கணக்கு. ஊரில் உள்ள 5 வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளின் குடலிலும் ஒரே நேரத்தில் காவல் இருந்தால், இயற்கையில் பரவும் போலியோ வைரஸுக்குத் தங்க இடமே இருக்காது. இந்தியாவில் கடைசியாக அந்த வைரஸால் பாதிக்கப்பட்ட குழந்தை 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டது. 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ இல்லாததாகச் சான்று பெற்றது. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் வைரஸ் இன்னும் இருப்பதால் சொட்டு மருந்தை நிறுத்த முடியவில்லை. கூடுதல் சொட்டால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை.

காய்ச்சல், வீக்கம், தழும்பு

பென்டா ஊசி போட்ட அன்று சாயங்காலம் குழந்தை சிணுங்கும், உடம்பு சுடும், தொடை கொஞ்சம் வீங்கும். பெரும்பாலும் இது கக்குவான் இருமல் மருந்தால் வருவது. வெள்ளை அணுக்கள் வேலையைத் தொடங்கும்போது வெளிவிடும் பொருட்களே சூட்டை ஏற்றுகின்றன. ஒன்றிரண்டு நாளில் தணிந்துவிடும். பாரசிட்டமாலை எடைக்கு ஏற்பச் செவிலியர் சொன்ன அளவில் கொடுத்தால் போதும். போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் பூசாதீர்கள். காய்ச்சல் வரவில்லையா? அப்போதும் ஊசி வேலை செய்கிறது, கவலை வேண்டாம்.

பி.சி.ஜி. போட்ட இடத்தில் சில வாரம் கழித்துச் சின்னக் கட்டி வந்து, உடைந்து, தழும்பாகும். மருந்து வேண்டியதில்லை. தழும்பே வராத குழந்தைக்கும் மறுபடி போடத் தேவையில்லை.

கடுமையான ஒவ்வாமை மிக அரிது. வந்தால் பெரும்பாலும் போட்ட சிறிது நேரத்திலேயே வரும். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்வது அதற்காகத்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடாதீர்கள். விடாமல் வீறிட்டு அழுதாலோ, வலிப்பு வந்தாலோ, குழந்தை துவண்டு போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சளிக்குத் தள்ளிப்போடுவது இன்னொரு வழக்கம். எந்தப் புதன்கிழமை போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும்:

“பாப்பாவுக்கு மூக்கு ஒழுவுதுங்க சிஸ்டர். அடுத்த வாரம் வரட்டுங்களா?”

“லேசான சளிதானுங்கம்மா. பால் குடிக்குதில்ல? அப்ப இன்னைக்கே போட்டுடலாம். எத்தன வாரம் இப்படித் தள்ளுவீங்க?”

செவிலியர் சொல்வதே சரி. சாதாரணச் சளி, லேசான காய்ச்சல், எடை குறைவு, குறைமாதப் பிறப்பு எதுவும் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது.

குளிர்ப்பெட்டிக்குள் நடப்பது

இந்த மருந்துகளில் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும், தொழிற்சாலையிலிருந்து குழந்தையின் தொடை வரைக்கும். இடையில் எங்கும் அறுபடாத இந்த ஏற்பாட்டுக்குக் குளிர்பதனச் சங்கிலி என்று பெயர். சித்திரை வெயிலில் அரூரிலிருந்து சித்தேரி மலைக்கோ, அடிவாரத்திலிருந்து வத்தல்மலைக்கோ ஒரு பெட்டி போகிறதென்றால் அது சின்ன வேலையில்லை.

வெப்பம் மட்டும் பகை என்று நினைக்கிறோம். பென்டா, ஹெபடைட்டிஸ் பி மாதிரியான ஊசிகளுக்கு உறைவதுதான் பெரிய பகை. ஒருமுறை உறைந்தால் அதைக் கொட்டிவிட வேண்டியதுதான். அதனால் ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் பெட்டிக்குள் வைக்க மாட்டார்கள். மேசை மேல் வியர்க்கவிட்டு, காதருகே ஆட்டிப் பார்த்து, உள்ளே தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்ட பிறகே அடுக்குவார்கள். குப்பியின் மேல் ஒரு சின்ன வட்டம் இருக்கும், அதற்குள் ஒரு வெளிர்ச் சதுரம். சூடு படப்பட அந்தச் சதுரம் கருத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்து பயன்படாது. அடுத்தமுறை செவிலியரிடம் கேளுங்கள், காட்டுவார்.

பி.சி.ஜி., எம்.ஆர். இரண்டும் பொடியாக வருபவை. நீர் கலந்தபின் 4 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும் என்பதால், குறிப்பிட்ட நாளில் எல்லாரையும் சேர்ந்து வரச் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

என் பிள்ளைக்குப் போட்டாச்சே, போதாதா?

ராகிக் கொல்லைக்கே திரும்பினால், ஊரில் எல்லாக் கொல்லையிலும் பரண் இருக்கும்போது, காவலுக்கு ஆளில்லாத ஒரு பாட்டியின் நிலமும் தப்பிக்கும். யானைக் கூட்டம் அதுவரை வந்தே சேராது. நோய் விஷயத்தில் இதற்குக் கூட்டு எதிர்ப்பாற்றல் என்று பெயர். 9 மாதம் ஆகாத குழந்தை, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் சிறுவன் போன்றவர்கள் மற்றவர்களின் ஊசியை நம்பித்தான் இருக்கிறார்கள்.

தட்டம்மை ஒருவரிடமிருந்து, காப்பில்லாத 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடியது. அந்த நோயாளி போனபிறகும் அறைக்காற்றில் 2 மணி நேரம் வரை வைரஸ் இருக்கும். அதை நிறுத்த நூற்றில் 95 பேருக்காவது இரண்டு தவணையும் போயிருக்க வேண்டும். மாவட்டச் சராசரி 95 இருந்தால் போதாது. ஓசூர் சிப்காட்டை ஒட்டிய லைன் வீடுகளில் வெளிமாநிலத்துக் குடும்பங்கள் வந்து போகின்றன. செங்கல் சூளைகளிலும் மலைக் கிராமங்களிலும் பட்டியலில் பெயர் ஏறாத பிள்ளைகள் இருப்பார்கள். விட்டுப்போனவர்கள் ஒரே இடத்தில் கூடியிருந்தால் நோய் அங்கேதான் பிடிக்கும். இப்படி விட்டுப்போனவர்களைத் தேடிப் போவதற்கென்றே 2014 டிசம்பரில் இந்திரதனுஷ் என்ற இயக்கம் தொடங்கப்பட்டது.

தேதி தவறிவிட்டால்?

நம் பக்கத்தில் தேதி தவறுவதற்கு அலட்சியத்தைவிட வழக்கமும் பிழைப்பும்தான் பெரிய காரணம். தலைப்பிரசவம் தாய் வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்கு வரும்போது அட்டை அங்கேயே தங்கிவிடும். பென்னாகரத்திலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் கட்டட வேலைக்குப் பெங்களூர் போகும் குடும்பங்கள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போகின்றன. அங்கே யாரிடம் கேட்பது என்று தெரியாமலே ஆறு மாதம் ஓடிவிடும்.

இப்படி இடைவெளி விழுந்தால், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நினைவணுக்கள் முதல் பாடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும். இடைவெளி நான்கு வாரத்துக்குக் குறையக் கூடாதே தவிர, கூடினால் முன்பு போட்டது வீணாவதில்லை. தாமதமான நாட்களில் குழந்தை காப்பில்லாமல் இருந்தது என்பதுதான் நஷ்டம். பி.சி.ஜி.யை ஒரு வயது வரைக்கும், எம்.ஆரையும் போலியோ சொட்டையும் 5 வயது வரைக்கும், தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்குமான டி.பி.டி. ஊசியை 7 வயது வரைக்கும் போடலாம்.

இந்தத் திட்டத்தில் ஊர் எல்லை கிடையாது. தாய் சேய் நல அட்டையைக் கொண்டுபோனால் எந்த மாநிலத்து அரசு சுகாதார நிலையத்திலும் போடுவார்கள். யு-வின் என்ற இணையப் பதிவு வந்தபிறகு அட்டை தொலைந்தாலும் விவரத்தைப் பார்க்க வழி உண்டு. பதிவும் இல்லை, அட்டையும் இல்லை என்றாலும் செவிலியரிடம் போங்கள். என்ன போட்டது, என்ன போடவில்லை என்று கேட்டு, வயதுக்குத் தக்கபடி அவர் தொடங்கித் தருவார்.

தனியாரில் போட்டால்?

அங்கே சின்னம்மை, டைபாய்டு போன்ற கூடுதல் ஊசிகளும் உண்டு, முடிந்தவர்கள் போடலாம். ஆனால் அரசு ஊசி மட்டம் என்பது தவறு. வலியில்லாத ஊசி என்று விற்பதில் கக்குவான் கிருமியின் சில துண்டுகள் மட்டுமே இருக்கின்றன. காய்ச்சல் குறைவு, காப்பும் சற்றுச் சீக்கிரம் மங்கும். அரசு ஊசியில் முழுக்கிருமி இருக்கிறது. பாதி அரசிலும் பாதி தனியாரிலும் போடுபவர்கள் இரண்டையும் ஒரே அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்து ஊசி

பெரும்பாலும் மறந்துபோவது இதுதான். 5 முதல் 6 வயதுக்குள் டி.பி.டி. இரண்டாவது பூஸ்டர். 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. ஊசி, இதில் ரண ஜன்னியோடு தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் இருக்கிறது. கைக்குழந்தையில் போட்ட தொண்டை அடைப்பான் காப்பு வருடம் போகப் போக மங்கும் என்பதால், இந்த நோய் இப்போது பள்ளி வயதுப் பிள்ளைகளிடமும் தலைகாட்டுகிறது. ஊசி பள்ளியிலேயே போடப்படும். அன்று பிள்ளை பள்ளிக்குப் போகாமல் இருந்திருந்தால் அடுத்த புதன்கிழமை சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் போட்டுவிடுங்கள். காலையில் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்துக் கூட்டிப்போங்கள். வெறும் வயிற்றில் ஊசியைப் பார்த்து மயங்கி விழும் பெரிய பிள்ளைகள் உண்டு, அதை மருந்தின் கோளாறு என்று ஊரே பேசிவிடும்.